சிமுலேட்டருக்கும் எடிட்டிங்குக்கும் ஒரே மடிக்கணினி: மூன்று வகைகள், ஓர் ஒப்பீடு

ஒரே மடிக்கணினியில் விமான சிமுலேட்டரும் ஓட வேண்டும், அதிலேயே வீடியோவும் எடிட் செய்ய வேண்டும் என்று தேடத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது கிராபிக்ஸ் கார்டின் எண்ணைத்தான். என்விடியா கார்டுகளில் 5060-ஐவிட 5070 பெரியது, அதைவிட 5080 பெரியது, கையில் இருக்கும் பணம் தாங்கும் வரை மேலே ஏறிவிடலாம் என்பது அவர்கள் போடும் கணக்கு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு அது ஏறக்குறையச் சரியாகவே வரும். சிமுலேட்டரில் பாதிதான் சரிவரும், எடிட்டிங்கில் சில சமயம் முற்றிலும் பொய்த்துவிடும். காரணம், இந்த இரண்டு வேலைகளும் கணினியின் வெவ்வேறு உறுப்புகளை வருத்துகின்றன. அந்த உறுப்புகளில் முக்கியமான இரண்டின் பெயர் விளம்பரத் தாளில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

ஒப்பிட வேண்டியவை மூன்று வகைகள். முதலாவது, இரண்டரை கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடித்த உடலும் பெரிய விசிறிகளும் கொண்ட கேமிங் மடிக்கணினி. இரண்டாவது, 'கிரியேட்டர்' என்ற பெயரில் விற்கப்படும், ஓஎல்இடி திரையுடன் இரண்டு கிலோவுக்குள் அடங்கும் மெல்லிய மடிக்கணினி. மூன்றாவது, ஆப்பிளின் மேக்புக் ப்ரோ. இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்வதற்கு முன், வேலை எங்கே சிக்குகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பெரிய நகரம் ஒன்றின் விமான நிலையத்தில் இறங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் அடி உயரத்தில் மேகங்களுக்கு மேல் பறந்தவரை படம் வழுவழுப்பாக ஓடியது. ஓடுபாதைக்குப் பத்து மைல் தொலைவில், கீழே கட்டடங்களும் மற்ற விமானங்களும் திரளத் தொடங்கியதும், படம் விட்டு விட்டு நகர்கிறது. உடனே கிராபிக்ஸ் கார்டு போதவில்லை என்று நினைத்து, காட்சித் தரத்தைக் குறைக்கிறீர்கள். ஒன்றும் மாறவில்லை. அந்த நேரத்தில் டெவலப்பர் மோடில் இருக்கும் ஃபிரேம் எண்ணிக்கைப் பெட்டியைத் திறந்தால், 'லிமிடெட் பை மெயின் திரெட்' என்ற வரி தென்படும். கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூட இல்லாமல் காத்திருக்க, செயலியின் கணக்குப் பிரிவுகளான கோர்களில் ஒன்றே ஒன்று மட்டும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். விமானத்தின் இயக்கவியல், காக்பிட் கருவிகள், சுற்றிலும் பறக்கும் விமானங்கள் என எல்லாவற்றின் கணக்கும் அந்த ஒற்றை இழையின் வழியாகத்தான் பெருமளவு போகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை பணம் கொட்டினாலும் அந்த இழை நீளப்போவதில்லை.

நகரம் கட்டும் விளையாட்டுகளிலும் தொழிற்சாலை கட்டும் விளையாட்டுகளிலும் இதே கதைதான் வேறு உருவத்தில் நடக்கிறது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-இல் மக்கள்தொகை இலட்சங்களைத் தொட்ட பிறகு, மிக அதிக வேகத்துக்கான பொத்தானை அழுத்தினாலும் நகரத்தின் கடிகாரம் ஊர்ந்துதான் போகும். ஃபாக்டோரியோவில் தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக, அது நொடிக்கு 60 முறை செய்ய வேண்டிய கணக்கைச் செய்து முடிக்க முடியாமல் திணறும். அங்கே தடையாக இருப்பது பெரும்பாலும் நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் தாமதம். ஆகவே சிமுலேஷன் பிரியர் செயலியில் பார்க்க வேண்டியது மொத்தக் கோர்களின் எண்ணிக்கையை அல்ல, ஒற்றைக் கோரின் வேகத்தையும், எல்3 கேஷ் எனப்படும், செயலிக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகத்தின் அளவையும்தான். இன்டெலின் கோர் ஐ9 14900எச்எக்ஸ் செயலியில் 24 கோர்களும் 36 எம்பி எல்3 கேஷும் உள்ளன. ஏஎம்டி 2023-இல் வெளியிட்ட ரைசன் 9 7945எச்எக்ஸ்3டி செயலியிலோ கோர்கள் 16 மட்டுமே, ஆனால் எல்3 கேஷ் 128 எம்பி. கேஷை அடுக்கடுக்காக ஏற்றிச் செய்த இந்த 'எக்ஸ்3டி' வகைச் செயலிகள் சிமுலேட்டர் உலகில் இத்தனை பேர் வாங்கியதற்கு அதுவே காரணம். இவை பொருத்தப்பட்ட மடிக்கணினிகள் மிகச் சிலவே, அவையும் தடித்த வகையிலேயே வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லாரி, கார் சிமுலேட்டர்களில் இந்த நெருக்கடி அவ்வளவு இல்லை. யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 வெளிவந்தது 2012-இல், இன்றைய நடுத்தர மடிக்கணினி எதுவும் அதைச் சிரமமின்றி ஓட்டிவிடும். அது மட்டும்தான் உங்கள் விளையாட்டு என்றால், இந்தக் கட்டுரையின் செயலிப் பகுதியை மறந்துவிட்டு எடிட்டிங் பகுதியை மட்டும் வைத்து முடிவெடுக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து வரும் ஃபிரேம் ஜெனரேஷன் வசதியில், செயலி தரும் இரண்டு படங்களுக்கு நடுவே கார்டே ஒரு படத்தை உருவாக்கிச் செருகிவிடுகிறது. தடை செயலியில் இருக்கும்போது ஓய்வாக இருக்கும் கார்டு இந்த வேலையைச் செய்வதால், சிமுலேட்டர்களுக்கு இது கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகிறது. நொடியில் எதிரியைச் சுட வேண்டிய விளையாட்டில் இதனால் வரும் சிறு தாமதம் உறுத்தும், விமானத்தை ஓடுபாதைக்கு நேராகத் திருப்பும்போது யாருக்கும் தெரியாது.

இனி எடிட்டிங்குக்கு வருவோம். இங்கே முதல் கேள்வி எந்த மென்பொருள் என்பதுகூட அல்ல, எந்தக் கேமரா என்பதுதான். கைப்பேசியில் எடுக்கும் வழக்கமான எச்.265 வீடியோ 4:2:0 என்ற நிறச் சுருக்கத்தில் இருக்கும். அதை இன்றைய எந்தக் கிராபிக்ஸ் கார்டும் வன்பொருளிலேயே விரித்துக் காட்டிவிடும். ஆனால் சோனி, கேனான் நிறுவனங்களின் மிரர்லெஸ் கேமராக்களில் தரத்துக்காகப் பலரும் தேர்ந்தெடுப்பது, நிறத் தகவலைக் கூடுதலாக வைத்திருக்கும் 10 பிட் 4:2:2. அந்தக் கிளிப்பை டைம்லைனில் இழுத்துப் போட்டு ஸ்பேஸ் பாரை அழுத்திப் பாருங்கள். அதை விரிக்கும் வன்பொருள் கணினியில் இல்லையென்றால் முதல் இரண்டு நொடி ஓடும், பிறகு படம் உறைந்து நிற்க ஒலி மட்டும் முன்னே போய்க்கொண்டிருக்கும், விசிறிகள் இரையத் தொடங்கும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் மிக விலையுயர்ந்த கார்டான 4090 இருந்தாலும் நிலைமை இதுதான். அந்த வரிசை முழுவதிலும் 4:2:2-ஐ விரிக்கும் வசதி கிடையாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் சாதாரணச் செயலிக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற சிறு பகுதி, எச்.265 4:2:2 வீடியோவை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிவிடும். ஆப்பிளின் எம்1 முதலான எல்லாச் சில்லுகளும் அப்படியே. ஏஎம்டி செயலிகளுக்குள் இருக்கும் கிராபிக்ஸில் அது இல்லை. சிமுலேட்டருக்கு மிகச் சிறந்த செயலி என்று சற்று முன் நான் புகழ்ந்த எக்ஸ்3டி, பழைய 40 வரிசைக் கார்டோடு சேர்ந்து வந்தால் 4:2:2 எடிட்டிங்கில் முடங்கிப்போவது இதனால்தான். அதே செயலி 50 வரிசைக் கார்டோடு வந்தால் குறை தீர்ந்துவிடுகிறது. ஒரு தலைமுறை பழைய உயர்ந்த கார்டா, புதிய தலைமுறையின் நடுத்தரக் கார்டா என்று ஒருவர் தயங்கினால், அவருடைய கேமரா எந்த முறையில் பதிவு செய்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் நான் பதில் சொல்வேன்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. பெரும்பாலான கேமிங் மடிக்கணினிகளில் மக்ஸ் சுவிட்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது. திரையைச் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸின் வழியாக ஓட்டாமல், என்விடியா கார்டோடு நேரடியாக இணைப்பது அதன் வேலை. விளையாட்டில் வேகம் கூடும் என்பதால் எல்லோரும் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். பல மடிக்கணினிகளில் அதைப் போட்டவுடன் இன்டெல் கிராபிக்ஸ் அணைந்துபோகிறது, அதோடு குவிக் சிங்க்கும் போய்விடுகிறது. நேற்று ஓடிய டைம்லைன் இன்று ஓடவில்லை என்று மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவி ஒரு மாலைப் பொழுதை நான் வீணாக்கியிருக்கிறேன். முந்தைய இரவு விமானம் ஓட்டுவதற்காக மாற்றிய ஓர் அமைப்புதான் காரணம் என்று மறுநாள்தான் உறைத்தது.

கார்டின் நினைவகம், அதாவது விரேம், எடிட்டிங்கிலும் சிமுலேட்டரிலும் ஒருசேரக் கை கொடுக்கும் ஒரே அம்சம் என்று சொல்லலாம். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060, 4070, 5060, 5070 ஆகிய நான்கிலும் வழக்கமாக இருப்பது 8 ஜிபிதான். எண் ஏறினாலும் நினைவகம் ஏறவில்லை. 5070 டிஐ-யில்தான் அது 12 ஜிபி ஆகிறது, 5080-இல் 16 ஜிபி, 5090-இல் 24 ஜிபி. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைன் ஒன்றின் மேல் நாய்ஸ் ரிடக்ஷனும் வேறு இரண்டு எஃபெக்டுகளும் அடுக்கினால், 8 ஜிபி கார்டில் 'ஜிபியூ மெமரி ஃபுல்' என்ற அறிவிப்பு வந்து நிற்பது பழகிப்போன காட்சி. ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் அளவு 8 ஜிபி, உகந்ததாகச் சொல்லும் அளவு 12 ஜிபி. ஆகவே 5060-இலிருந்து 5070-க்கு ஏறுவதற்குக் கொடுக்கும் பணம் என் கணக்கில் பாதி வீண். ஏறுவதானால் 5070 டிஐ-க்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் 5060-இலேயே நின்று, மிச்சமாகும் பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடுவது நல்லது.

எண்ணைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியின் 4090-உம் மேசைக் கணினியின் 4090-உம் பெயரில் மட்டுமே ஒன்று. மேசைக் கணினிக் கார்டில் கூடா கோர்கள் எனப்படும் கணக்குப் பிரிவுகள் 16384, மடிக்கணினியில் 9728. அது போக, ஒரே மடிக்கணினிக் கார்டுகூட எல்லா உடலிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060-ஐத் தயாரிப்பாளர் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தலாம். 115 வாட் பெறும் 4060, குறைந்த வாட்டில் கட்டிப்போடப்பட்ட 4070-ஐ முந்திவிடுவதும் உண்டு. டிஜிபி என்ற பெயரில் வரும் இந்த வாட் கணக்கைத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே அது இல்லையென்றால், வெளியே சொல்லிக்கொள்ளும்படியான அளவு இல்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மெல்லிய கிரியேட்டர் வகையின் பலவீனம் சரியாக இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. அதன் திரை அழகு. திரைப்படத் துறையின் டிசிஐ-பி3 நிற வரம்பு முழுவதையும் காட்டும் ஓஎல்இடி திரையில் நிறத் திருத்தம் செய்வது ஒரு சுகம். பையில் போட்டால் தோள் வலிக்காது. சில நிமிடச் சோதனையில் தடித்த மடிக்கணினிக்குச் சற்றுத்தான் பின்தங்கும். ஆனால் சிமுலேட்டரில் ஒருவர் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் எழுந்திருப்பதில்லை, நாற்பது நிமிட வீடியோவின் எக்ஸ்போர்ட்டும் சட்டென்று முடிந்துவிடுவதில்லை. செயலியும் கார்டும் ஒரே மெல்லிய உடலுக்குள் ஒரே வெப்பக் குழாயைப் பகிர்ந்துகொள்ளும்போது, இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு செயலியின் வேகம் இறங்கத் தொடங்குகிறது. சிமுலேட்டருக்கு மிக முக்கியமான அந்த ஒற்றைக் கோரின் வேகமும் கூடவே இறங்கும். பயணத்தின் கடைசியில், தரையிறங்கும் நேரத்தில், கணினி மிகவும் சூடாகியிருக்கும்போதுதான் வேலையும் மிகக் கடினமாக இருக்கும் என்பது இந்த வகையின் சாபம். ஓஎல்இடி திரையில் காக்பிட்டின் அசையாத கருவிகளும் எடிட்டிங் மென்பொருளின் அசையாத பட்டைகளும் ஆண்டுக்கணக்கில் நின்றால் தடம் பதியும் அபாயமும் உண்டு. இப்போதைய திரைகள் அதைத் தவிர்க்கச் சில உத்திகளைக் கையாளுகின்றன என்றாலும், ஒரே காக்பிட்டில் நாளுக்கு நான்கு மணி நேரம் உட்காருபவர் அதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, தடித்த கேமிங் மடிக்கணினிகளில், குறிப்பாக விலை குறைந்தவற்றில், திரைதான் காலை வாரும். 240 ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், நிற வரம்பு மட்டும் '45% என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படிப்பட்ட திரையில் நிறம் திருத்தினால், அதை மற்றவர்கள் பார்க்கும்போது முகங்கள் தக்காளி போலச் சிவந்திருக்கும். வெளிறிய திரையை ஈடுகட்ட உங்கள் கை நிறத்தைக் கூடுதலாக ஏற்றியிருக்கும். குறைந்தது, சாதாரணத் திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு 100 விழுக்காடு என்ற உறுதியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில் ஒரு நல்ல மானிட்டரை இணைத்துக்கொண்டு, மடிக்கணினியின் திரையை மறந்துவிடலாம். நொடிக்கு நாற்பது ஃபிரேம் கிடைத்தாலே நிறைவாக விமானம் ஓட்டுபவருக்கு 240 ஹெர்ட்ஸ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மேக்புக் ப்ரோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அதன் பாதி பதில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, கார் பந்தய சிமுலேட்டரான ஐரேசிங், சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 ஆகியவை மேக்ஓஎஸ்ஸில் வருவதில்லை. இன்டெல் மேக்குகளில் விண்டோஸை ஏற்றிக்கொள்ள உதவிய பூட் கேம்ப்பும் ஆப்பிள் சில்லுகளில் கிடையாது. இன்னொரு விமான சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12 மட்டும் ஆப்பிள் சில்லுக்கென்றே எழுதப்பட்டு நன்றாக ஓடுகிறது. எக்ஸ்-பிளேனே போதும் என்பவருக்கு மேக் உண்மையிலேயே நல்ல தெரிவு. எடிட்டிங்கில் அது மற்ற இரண்டையும் நிதானமாகத் தாண்டிச் செல்கிறது. 4:2:2 எச்.265-உம் ஆப்பிளின் வீடியோ வடிவமான ப்ரோரெஸ்ஸும் வன்பொருளிலேயே விரிகின்றன, செயலியும் கிராபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் 48 ஜிபி உள்ள எம்4 ப்ரோவில் 'விரேம் நிறைந்தது' என்ற பேச்சுக்கே அநேகமாக இடமில்லை, பேட்டரியில் ஓடும்போதும் வேகம் குறைவதில்லை. விண்டோஸ் கேமிங் மடிக்கணினி எதுவும் இந்தக் கடைசி விஷயத்தில் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. விமானத்தில் எடுத்துச்செல்லத் தனி அனுமதி வேண்டாத வரம்பு 100 வாட்-மணி என்பதால் பெரிய மடிக்கணினிகளின் பேட்டரியும் அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது. செயலியும் கார்டும் சேர்ந்து 200 வாட் கேட்டால் அது அரை மணி நேரத்துக்குத்தான் வரும், அதனால்தான் பிளக்கைக் கழற்றியதும் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

ரேமில் இப்போது 16 ஜிபி வாங்குவது தவறு. ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்குப் பரிந்துரைக்கப்படும் அளவே 32 ஜிபி, உகந்த அளவு 64 ஜிபி. தடித்த வகையில் பெரும்பாலும் இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் இருப்பதால், இன்று இரண்டு 16 ஜிபி துண்டுகளோடு வாங்கி நாளை மாற்றிக்கொள்ளலாம். ஒரே 32 ஜிபி துண்டாக வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நினைவகத்தின் பாதை பாதியாகிவிடும், சிமுலேட்டர் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய வகைகள் பலவற்றிலும் மேக்கிலும் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டே வருவதால், வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே கடைசி முடிவு.

சேமிப்பகத்துக்கு எளிய கணக்கு ஒன்று போதும். 100 எம்பிபிஎஸ்-இல், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வீதத்தில், பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுக்கும், 400 எம்பிபிஎஸ் என்றால் 180 ஜிபி. சிமுலேட்டருக்கென நிறுவும் விமானங்களும் நிலப்பரப்புகளும் தனி. இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள், முதலாவது எஸ்எஸ்டியின் அளவைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

என் தீர்ப்பு இது. விமானமோ நகரமோ உங்கள் முதன்மை விளையாட்டாக இருந்து, எடிட்டிங்கும் வாரம் தவறாமல் நடக்குமானால், தடித்த வகைதான் சரி. அதிலும் பெயரில் 'எச்எக்ஸ்' என்ற எழுத்துகள் உள்ள செயலி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, இரண்டு ரேம் ஸ்லாட்டுகள், எஸ்ஆர்ஜிபி முழுமையாக உள்ள திரை ஆகிய நான்கும் சேர்ந்த ஒன்றைத் தேடுங்கள். எக்ஸ்3டி செயலி கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. எடிட்டிங்தான் தொழில், விளையாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பவர், எக்ஸ்-பிளேனோடு நிறைவடைய முடியுமானால் மேக்கை வாங்கலாம், முடியாதென்றால் மெல்லிய வகையை எடுத்து, சிமுலேட்டரில் காட்சித் தரத்தோடு வானத்தில் பறக்கும் மற்ற விமானங்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளலாம். தன் வீடியோவுக்குத் தானே குரல் கொடுப்பவர் தடித்த வகையின் விசிறி இரைச்சலை எண்ணிப்பார்க்க வேண்டும். நான் குரல் பதிவு செய்யும்போது கணினியை 'சைலன்ட்' முறைக்கு மாற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன், அதுவரை மைக்கில் விமானம் புறப்படும் ஓசைதான்.

வாங்கிய முதல் வாரத்தில், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை செய்துவிடுங்கள். மடிக்கணினியைச் சுவர் மின்சாரத்தில் செருகி, மேசை மேல் சமமாக வைத்து, நெரிசலான விமான நிலையம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரப் பயணம் போங்கள். இறங்கும் கட்டத்தில் செயலியின் கடிகார வேகத்தையும் கார்டு எடுக்கும் வாட்டையும் குறித்துக்கொண்டு, கணினி ஆறுவதற்கு முன் உங்கள் கேமராவின் உண்மையான கிளிப் ஒன்றை டைம்லைனில் போட்டு ஓட்டுங்கள். விமானம் ஓட்டும் கருவிகளான யோக், த்ராட்டில், பெடல் மூன்றையும் ஒரே நேரத்தில் செருகிய பிறகு எஸ்எஸ்டிக்கு ஒரு யூஎஸ்பி துளை மிச்சம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.